நேரம் மறந்த மடிக்கணினி

ஒரு மடிக்கணினியை அணைத்து, மின் இணைப்பையும் எடுத்துவிட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். பத்து நாள் கழித்து எடுத்துத் திறக்கிறோம். திரையின் மூலையில் அன்றைய தேதியும் மணியும் சரியாகத் தெரிகின்றன. இணையத் தொடர்பும் அப்போது இல்லை. பூட்டிய அலமாரிக்குள் கிடந்த கணினிக்கு நேரம் சொன்னது யார்?

இன்னொரு மடிக்கணினியைப் பாருங்கள். திறந்தவுடன் அது பல ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரி முதல் தேதியைக் காட்டுகிறது. திருத்தி வைத்தால் அன்று மாலைவரை ஒழுங்காக இருக்கிறது. அணைத்துவிட்டு மறுநாள் திறந்தால் மீண்டும் அதே பழைய ஜனவரி. இதற்கு என்ன நேர்ந்தது?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே உள்ள ஒரு சிறு மின்கலம் கணினிக்குள் இருக்கிறது. கடைக்காரர்கள் இதைச் ‘சீமாஸ் பேட்டரி’ என்பார்கள். முதல் கணினியில் அது உயிரோடு இருக்கிறது, இரண்டாவதில் ஓய்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

அக்காவிடமிருந்து தம்பிக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை, சேர்வராயன் மலையின் காலடியிலுள்ள அடிவாரம் வரையில் சமவெளியில் ஓடுகிறது. அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடந்தால், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. அடிவாரத்திலும் சரி, மேலே மலைக் கிராமங்களிலும் சரி, தமிழகத்தின் மற்ற ஊர்களைப் போலவே, பல வீடுகளில் அரசு வழங்கிய மடிக்கணினி இருக்கும்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்த லட்சக்கணக்கான மாணவ மாணவியர் அதனால் பயன்பெற்றனர். பிளஸ் டூ படிக்கும்போது அக்கா வாங்கிய கணினி இன்று தம்பியின் கைக்கு வந்திருக்கிறது. முதல் ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றுக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது.

வயதான மடிக்கணினியில் ஓய்ந்துபோகும் மின்கலங்கள் இரண்டு. பெரியது ஓய்ந்தால் உடனே தெரிந்துவிடும். மின்சாரம் நின்றதும் கணினியும் நின்றுவிடும். சிறியது ஓய்ந்தால் வரும் கோளாறுகளோ வேறு வேடத்தில் வருகின்றன. திறந்தவுடன் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பிழைச் செய்தி. தேர்வு முடிவுக்கான இணையப் பக்கம் திறக்க மறுக்கிறது. ‘மதர்போர்டு போய்விட்டது, இனி இது உதவாது’ என்று யாரோ தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நல்ல கணினி ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. சில பத்து ரூபாய் விலையுள்ள மின்கலம் ஒன்றைப் பற்றித் தெரியாததால் வரும் இழப்பு இது. ஆகவே அதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

உறங்காத பகுதி

கணினியை அணைத்த பிறகும் அதன் தாய்ப்பலகையில் ஒரு சிறு பகுதி விழித்திருக்கிறது. அதற்கு நிகழ்நேரக் கடிகாரம் என்று பெயர்.

தொடக்கக் காலச் சொந்தக் கணினிகளில் இந்த வசதி இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பயன்படுத்துபவரே தேதியையும் மணியையும் தட்டச்சு செய்ய வேண்டும். 1984-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி. ஏ.டி. என்னும் கணினியில், மோட்டோரோலா நிறுவனத்தின் எம்.சி. 146818 என்ற சில்லு பொருத்தப்பட்டது. அதில் மொத்தம் 64 பைட் நினைவகமே இருந்தது. 14 பைட் கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும். மீதி 50 பைட், கணினியில் என்னென்ன கருவிகள் இணைக்கப்பட்டுள்ளன என்ற குறிப்புகளை எழுதி வைக்க. கணினி அணைந்திருக்கும்போது இந்தச் சில்லுக்கு ஒரு மின்கலம் உணவூட்டியது.

அந்தச் சில்லு சீமாஸ் என்ற முறையில் செய்யப்பட்டது. அதற்கு உணவூட்டும் மின்கலத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று அந்தக் கடிகாரம் தனிச் சில்லாக இல்லாமல் பெரிய சில்லுகளுக்குள் ஒரு மூலையில் அடங்கிவிட்டது. கணினியின் அமைப்புக் குறிப்புகளும் பல கணினிகளில் மின்கலம் தேவைப்படாத ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாறிவிட்டன. ஆனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அதற்கு மின்சாரம் வேண்டும்.

மதகுகள் சொல்லும் பாடம்

சீமாஸ் என்பதன் சிறப்பு என்ன? ஒரு சிறு தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேலே ஏரியிலிருந்து நீர் வர ஒரு மதகு. கீழே நீர் வெளியேற ஒரு மதகு. மேல் மதகு திறந்தால் கீழ் மதகு தானே மூடிக்கொள்ளும். கீழ் மதகு திறந்தால் மேல் மதகு மூடிக்கொள்ளும். இரண்டும் ஒருசேரத் திறந்து கிடப்பதில்லை. எனவே ஏரி நீர் வீணாக ஓடிப்போக வழியே இல்லை. மதகுகள் நிலை மாறும்போது மட்டும் ஒரு தொட்டி நீர் செலவாகும்.

சீமாஸ் சுற்றில் மதகுகளுக்குப் பதிலாக எதிரெதிர்க் குணமுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒன்று மின்சாரத்தை விடும்போது மற்றொன்று தடுக்கும். சும்மா இருக்கும்போது செலவு ஏறத்தாழ இல்லை. நிலை மாறும்போது மட்டும் சிறு செலவு. அமெரிக்காவின் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிராங்க் வான்லாஸ் 1963-இல் இந்த முறையை வெளியிட்டார். இன்று உங்கள் கைப்பேசியிலுள்ள சில்லுகளும் இந்த வழியில் வந்தவையே.

வினாடியை அளக்கும் கல்

சில்லு வினாடியை எப்படி எண்ணுகிறது? அதன் அருகே ஓர் அரிசியைவிடச் சற்றுப் பெரிய உலோகக் குப்பி இருக்கும். அதற்குள் இசைக் கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் படிகம் உள்ளது. குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். மாறாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நெளியும். இவ்வாறு அதை இடைவிடாமல் அதிர வைக்கலாம்.

நம் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விநோதமான எண்? இதை இரண்டால் வகுத்துப் பாருங்கள். 16,384 வரும். மறுபடியும் வகுத்தால் 8,192. இப்படிப் பதினைந்து முறை வகுத்தால் மீதியின்றி 1 கிடைக்கும். இரண்டால் வகுப்பது இலக்கச் சுற்றுகளுக்கு மிக எளிய வேலை. பதினைந்து படிகளைக் கடந்து வினாடிக்கு ஒரு துடிப்பு வெளிவருகிறது. சுவரிலுள்ள குவார்ட்ஸ் கடிகாரமும் பெரும்பாலும் இதே எண்ணையே பின்பற்றுகிறது.

படிகம் வெப்பநிலைக்கு ஏற்ப நடை மாறும். இவ்வகைப் படிகம் ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸில் மிக வேகமாக அதிரும். வெப்பம் கூடினாலும் மெதுவாகும், குறைந்தாலும் மெதுவாகும். மாற்றம், வெப்பநிலை வேறுபாட்டின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு டிகிரி வேறுபாட்டுக்குப் பத்து லட்சத்தில் 0.034 பங்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கோடையில் அடிவாரத்தில் ஓர் அறையின் வெப்பநிலை 40 டிகிரி என்று கொள்வோம். வேறுபாடு 15, அதன் இருமடி 225. அதை 0.034-ஆல் பெருக்கினால் 7.65. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஆகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.66 வினாடி பின்தங்கும். ஏற்காட்டின் குளிர் இரவில் அறை 15 டிகிரியில் இருந்தால் வேறுபாடு 10. அதே கணக்கில் நாளுக்கு 0.3 வினாடி பின்தங்கும். மலைமேல் உள்ள கடிகாரமும் பின்தங்குகிறது. மலையடியில் உள்ளதும் பின்தங்குகிறது!

படிகங்களைச் செய்யும்போதே சிறு வேறுபாடுகள் வந்துவிடுகின்றன. எல்லாம் சேர்ந்து மாதத்துக்கு ஒரு நிமிடம்வரை பிறழலாம். அது நோயன்று, இயல்பு. ஆண்டுக்கணக்கில் பின்னோக்கிப் பாய்ந்தால்தான் நோய்.

நாணயத்துக்குள் என்ன இருக்கிறது?

பெரும்பாலான மடிக்கணினிகளில் உள்ள மின்கலத்தின் பெயர் சி.ஆர். 2032. இந்தப் பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் எழுத்தான ‘சி’, லித்தியமும் மாங்கனீஸ் டை ஆக்ஸைடும் கொண்டது என்பதைக் குறிக்கும். ‘ஆர்’ என்றால் வட்ட வடிவம். 20 என்பது விட்டம், மில்லிமீட்டரில். 32 என்பது தடிமன், 3.2 மில்லிமீட்டர். அப்படியானால் சி.ஆர். 2016-இன் தடிமன் என்ன? நீங்களே சொல்லிவிடுவீர்கள்: 1.6 மில்லிமீட்டர்.

எதிர்முனையில் லித்தியத் தகடு. ஸ்வீடன் நாட்டு வேதியியலார் அர்ஃபெட்சன் 1817-இல் கண்டுபிடித்த இந்தத் தனிமம் உலோகங்களிலேயே மிக இலேசானது, நீரில் மிதக்கும். ஆனால் மிதந்துகொண்டே நீரோடு வினைபுரியும். ஆகவே இந்த மின்கலத்துக்குள் நீரே இருக்காது. கரிமக் கரைப்பான் ஒன்றில் லித்திய உப்பு கரைக்கப்பட்டிருக்கும். நேர்முனையில் மாங்கனீஸ் டை ஆக்ஸைடு. லித்திய அணு ஓர் எலக்ட்ரானை வெளிச்சுற்றில் அனுப்பிவிட்டு, தான் அயனியாகிக் கரைசல் வழியே மறுபக்கம் சென்று ஆக்ஸைடின் படிக இடுக்குகளில் குடியேறுகிறது. வெளிச்சுற்றில் சென்ற எலக்ட்ரான்களே கடிகாரத்தை ஓட்டுகின்றன. புதிய மின்கலத்தின் மின்னழுத்தம் 3 வோல்ட்டை ஒட்டி இருக்கும்.

எத்தனை நாள் உழைக்கும்? சி.ஆர். 2032-இன் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. அதாவது 2,20,000 மைக்ரோ ஆம்பியர் மணி. கடிகாரச் சுற்று 5 மைக்ரோ ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். வகுத்தால் 44,000 மணி. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. ஆக, ஐந்து ஆண்டுகள்! ஒரு சிறு டார்ச் விளக்குப் பல்பை எரியவிட்டால் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும் சரக்கு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு கடிகாரத்தை ஓட்டுகிறது.

நடைமுறையில் பத்தாண்டு உழைத்தவையும் உண்டு. காரணம், மடிக்கணினியின் பெரிய மின்கலத்தில் சக்தி இருக்கும்வரை, அல்லது சார்ஜர் இணைந்திருக்கும்வரை, கடிகாரத்தின் பாரத்தை அவையே சுமக்கின்றன. சிறிய மின்கலம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. ஆனால் பழைய கணினியில் பெரிய மின்கலம் முதலில் செத்துவிடுகிறது. பலர் அதைக் கழற்றியே வைத்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து, கணினி அணைந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் முழுப் பாரமும் சிறியதன் தலையில் விழுகிறது. ஒரு கிழவர் ஓய்ந்ததும் துணைக்கிருந்தவரும் ஓய்வது போல, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் போகின்றன. பத்தாண்டைத் தாண்டிய கணினிகள் பல இப்போது நேரத்தை மறப்பதன் காரணம் இதுவே.

மேட்டுநிலமும் செங்குத்துச் சரிவும்

சேர்வராயன் மலையின் மேற்பகுதி கூரிய சிகரமன்று. ஏற்காட்டில் இருப்பவர் நெடுந்தூரம் மேடு பள்ளமாக நடக்கலாம். உயரம் பெரிதாகக் குறைவதில்லை. விளிம்புக்கு வந்தபின்தான் அடிவாரம் வரை சட்டென்று சரிவு. சி.ஆர். 2032-இன் மின்னழுத்தத்தைக் காலத்துக்கு எதிராக வரைபடமாக வரைந்தால் இதே உருவம் வரும். வாழ்நாளின் பெரும்பகுதியில் அது 3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். முடிவு நெருங்கியதும் சடாரென்று இறங்கும். ஏறத்தாழ 2 வோல்ட்டுக்குக் கீழே போனால் கடிகாரச் சுற்றால் நினைவை வைத்திருக்க முடியாது.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. மல்டிமீட்டரில் 2.9 வோல்ட் காட்டியது என்பதால், இன்னும் பல ஆண்டு வரும் என்று சொல்ல முடியாது. விளிம்பில் நிற்பவரும் மலைமேல்தான் நிற்கிறார். ஆனால் 2.5-க்கும் கீழே காட்டினால், சரிவு தொடங்கிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

நோயைக் கண்டறிதல்

மருத்துவர் மருந்து எழுதுவதற்குமுன் நோயைக் கண்டறிவார். நாமும் அப்படியே செய்வோம்.

முதல் அறிகுறி, அணைத்துத் திறக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டு பின்னால் செல்வது. இரண்டாவது, திறந்தவுடன் ‘டைம் அண்ட் டேட் நாட் செட்’ அல்லது ‘சீமாஸ் செக்சம் எரர்’ போன்ற செய்தி வந்து, எஃப்1 விசையை அழுத்தச் சொல்லிக் காத்திருப்பது.

மூன்றாவது அறிகுறி வேடிக்கையானது. இணையம் இருக்கிறது, ஆனால் இணையத்தளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்று சொல்லித் திறக்க மறுக்கின்றன. கடிகாரத்துக்கும் இணையத்துக்கும் என்ன தொடர்பு? ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் தன்னை அடையாளம் காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. உங்கள் பஸ் பாஸ் போல அதிலும் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று இருக்கும். கணினி தன் கடிகாரத்தைப் பார்க்கிறது. அது 2011 என்கிறது. ‘இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே!’ என்று கணினி கதவைச் சாத்திவிடுகிறது. தேர்வு முடிவு பார்க்க முடியாமற் போவது இதனால்தான்.

ஒரு போலி நோயும் உண்டு. நேரம் சரியாக ஐந்தரை மணி முன்னே அல்லது பின்னே இருந்தால் மின்கலத்தைக் குறை சொல்ல வேண்டாம். இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் உள்ளது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உள்ள கணினியில், லினக்ஸ் கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்தில் எழுதிவைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக எண்ணிப் படிக்கும். இது இரண்டு பேரின் மொழித் தகராறு. அமைப்பில் திருத்திவிடலாம்.

ஐயம் தீர ஒரு சோதனை: தேதியைச் சரிசெய்து கணினியை அணையுங்கள். சார்ஜரை எடுத்துவிடுங்கள். பெரிய மின்கலத்தைக் கழற்ற முடியுமானால் கழற்றிவிடுங்கள். ஓர் இரவு கழித்து மீண்டும் இணைத்து, இணையம் இல்லாமல் திறந்து பாருங்கள். தேதி மறந்திருந்தால் சிறிய மின்கலத்தின் வேலை முடிந்துவிட்டது.

மாற்றும் முறை

இந்த வேலையை ஆசிரியர் அல்லது விவரமறிந்த பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் திறக்க வேண்டாம்.

முதலில், கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். கணினி திறக்கும்போது எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தினால் பயாஸ் எனப்படும் அமைப்புப் பக்கம் வரும். அதிலுள்ளவற்றைக் கைப்பேசியால் படமெடுத்துக்கொள்ளுங்கள். மின்கலம் நீங்கும்போது சில கணினிகளில் இவை தொடக்க நிலைக்குத் திரும்பும். வன்தட்டு எந்த முறையில் இணைந்துள்ளது என்ற குறிப்பு மாறினால் விண்டோஸ் திறக்காது. வன்தட்டு பூட்டுக்குறியீடு செய்யப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணையும் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, கணினியை முழுவதும் அணையுங்கள். தூங்க வைப்பது போதாது. சார்ஜரையும் பெரிய மின்கலத்தையும் எடுங்கள். பிறகு திறக்கும் பொத்தானைப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். மின்தேக்கிகளில் எஞ்சியுள்ள மின்னூட்டம் வடிந்துவிடும்.

மூன்றாவது, உங்கள் உடம்பிலுள்ள நிலைமின்னூட்டத்தை நீக்குங்கள். வறண்ட நாளில் நைலான் துணியோடு உரசிய விரல், ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தைச் சில்லுக்குக் கொடுத்துவிடும். சீமாஸ் சுற்றின் காப்புப் படலம் மிக மெல்லியது, பொத்துப்போகும். வர்ணம் பூசாத பெரிய உலோகப் பொருள் ஒன்றை, இரும்பு ஜன்னல் கம்பி போன்றதைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நான்காவது, கணினியைக் குப்புற வைத்து அடிமூடியின் திருகுகளைப் பொருத்தமான சிறு ஸ்குரூ டிரைவரால் கழற்றுங்கள். ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்தத் திருகு எந்த இடத்திலிருந்து வந்ததோ அங்கேயே செல்லோடேப்பால் ஒட்டி வையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் முறுக்கினால் பலகையைத் துளைத்துவிடும்.

ஐந்தாவது, மின்கலத்தைத் தேடுங்கள். சிலவற்றில் அது ஒரு கிண்ணம் போன்ற பிடியில் அமர்ந்திருக்கும். ‘+’ குறி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு, நகத்தாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ நெம்பி எடுங்கள். பல மடிக்கணினிகளில் மின்கலம் கறுப்பு அல்லது மஞ்சள் உறைக்குள், சிவப்பு, கறுப்புக் கம்பிகளோடு ஒரு சிறு செருகியில் முடியும். கம்பியைப் பிடித்து இழுக்காமல் செருகியைப் பிடித்து எடுங்கள். கம்பியோடு கூடிய புதிய மின்கலம் அப்படியே கடையில் கிடைக்கும். நிறங்களின் வரிசை பழையதில் உள்ளபடியே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துச் செருகுங்கள்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். நாணய மின்கலத்தின்மேல் நேராகச் சால்டரிங் செய்யக்கூடாது. சூட்டில் அது வெடிக்கலாம். பழையதன்மேல் ‘எம்.எல்.’ என்றோ ‘எல்.ஐ.ஆர்.’ என்றோ தொடங்கும் பெயர் இருந்தால் அது மறுபடி மின்னேற்றக்கூடிய வகை. அதன் இடத்தில் சி.ஆர். வகையைப் போடக்கூடாது; மின்னேற்றத்தைத் தாங்காமல் சி.ஆர். வெடிக்கலாம். பழையதில் எழுதியுள்ள பெயரும் எண்ணும் எதுவோ, அதையே வாங்க வேண்டும். உலோக இடுக்கியால் மின்கலத்தின் இரு முகங்களையும் சேர்த்துப் பிடிக்கவும் கூடாது. குறுக்குச் சுற்று ஏற்படும்.

ஆறாவது, மூடியைப் பொருத்தி, மின் இணைப்புக் கொடுத்துத் திறங்கள். முதல் முறை பிழைச் செய்தி வருவது இயல்பே. பயாஸ் பக்கத்தில் தேதியையும் மணியையும் வைத்து, படத்தோடு ஒப்பிட்டு மற்றவற்றையும் சரிபார்த்துச் சேமியுங்கள். பின்பு முன்சொன்ன ஓர் இரவுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

மூடியைத் திறந்து பார்த்தும் நாணய மின்கலம் காணப்படவில்லையா? பயப்பட வேண்டாம். அண்மைக்கால மடிக்கணினிகள் சிலவற்றில் அது கிடையவே கிடையாது. பெரிய மின்கலத்தின் ஒரு துளி சக்தியே கடிகாரத்தையும் ஓட்டுகிறது. அங்கே பெரியதை மாற்றுவதுதான் மருந்து.

பழையதை என்ன செய்வது?

கழற்றிய மின்கலம் கணினிக்குத்தான் உதவாது. அதில் இன்னும் சக்தி மிச்சம் இருக்கும். தவழும் குழந்தையின் கைக்கு அது எட்டினால் பேராபத்து. விழுங்கிய நாணய மின்கலம் உணவுக் குழாயில் சிக்கினால், ஈரமான திசுவழியே மின்னோட்டம் பாய்ந்து, எதிர்முனையருகே கடுங்காரம் உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள் திசு வெந்துபோகும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள லித்திய வகையே இதில் மிகக் கொடியது. குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் போதும், வாந்தி எடுக்க வைக்காமல், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

ஆகவே கழற்றியவுடன் இரு முகங்களையும் மறைத்துச் செல்லோடேப் சுற்றுங்கள். நெருப்பில் போடாதீர்கள். கிணற்றிலோ ஓடையிலோ வீசாதீர்கள். சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு இந்தச் சேர்வராயன் மலையில்தான் பிறக்கிறது. மலைமேல் வீசியது மழையோடு கீழே வரும். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மீது சுமத்தியுள்ளன. குறுக்குக் கோடிட்ட குப்பைத் தொட்டிப் படம் அதன்மேல் இருப்பது, ‘வீட்டுக் குப்பையில் போடாதே’ என்பதற்காகவே. பள்ளியில் ஒரு டப்பா வைத்துச் சேர்த்து, மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் மொத்தமாகக் கொடுக்கலாம்.

உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு இது நல்லதொரு வேலை. உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் ‘கெட்டுப்போன’ மடிக்கணினி பரண்மேல் கிடக்கிறது என்று விசாரியுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் திறந்து பாருங்கள். திரையில் வெளிச்சம் வந்து, தேதி மட்டும் பழைய ஜனவரியாக இருந்தால், அந்தக் கணினிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. மின்கலத்தை மாற்றியபின் ஒரு சிறு காகிதத் துண்டில் அன்றைய மாதத்தையும் ஆண்டையும் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து அதைத் திறக்கப்போகும் தம்பிக்கோ தங்கைக்கோ அது உதவும்.